மசாய் மாராவில் ஒரு மட்டக்களப்பு பஸ்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை நான் நல்ல குணத்தால் சொல்லவில்லை. நாங்கள் குடியேறிய லாசாலில், எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் அறுபது பேர் முன்னால் பட்ட அனுபவத்தால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பயண முகவர் ஒருவரிடம் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பூசை முடிந்து வரும் சனத்துக்குக் கென்யாவின் காடுகளையும் மிருகங்களையும் படம் போட்டுக் காட்டி, பத்துப் பேரைச் சுற்றுலாவுக்குச் சேர்த்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. நான் பக்கத்திலிருக்கும் ஒட்டாவாவையே ஒழுங்காகப் பார்த்ததில்லை. (பாராளுமன்றத்துக்கு முன்னால் ஐஸ்கிறீம் குடித்ததோடு சரி.) இணையத்தில் படங்களை அள்ளிக்கொண்டு போனேன்.

திரையில் பொன்நிறப் புல்வெளி வந்தது. முதலைகள் கிடக்கும் ஆற்றில் காட்டுமாடுகள் கூட்டமாகப் பாய்ந்தன. சனம் "ஐயோ!" என்றது. அந்த "ஐயோ" எனக்குத் தலைக்கேறிவிட்டது.

அடுத்தது யானை.

"இது நானே எடுத்த படம். மசாய் மாராவில பத்தடி தூரத்தில நிண்டது. நான் மூச்சே விடேல்லை!"

முன்வரிசையில் ஞானம் அன்ரி கையை உயர்த்தினார். மட்டக்களப்பில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர்.

"புள்ள, ஆபிரிக்க யானைக்குக் காது சுளகு மாதிரி எல்லோ? இதுக்குச் சின்னனாக் கிடக்கு."

"அது குட்டி, அன்ரி. இனித்தான் வளரும்."

(யானையின் காலடியில் அதன் குட்டி நின்றது.)

"அப்ப பின்னால நிக்கிற பஸ்?"

திரும்பிப் பார்த்தேன். பற்றைக்குப் பின்னால் ஒரு சிவப்பு பஸ். அதன் நெற்றியில், கொட்டை எழுத்தில், தமிழில்: மட்டக்களப்பு.

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அங்கையும் பஸ் சேவை தொடங்கிட்டாங்களோ?"

பிறகு எழுந்த சிரிப்பில் கூரை போகாதது அதிசயம். நான் ஒலிவாங்கியிலேயே அழுதுவிட்டேன். "நான் கென்யாவுக்குப் போனதே இல்லை!"

"நானும்தான்," என்றார் அன்ரி, கண்ணைத் துடைத்தபடி. "வா புள்ள, சேர்ந்து போவம்." அவர் போகிறார் என்றதும் இன்னும் பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். வேலை தப்பியது.

அடுத்த கோடையில், உண்மையான மசாய் மாராவில், புதரை விலக்கிக்கொண்டு ஒரு யானை எங்கள் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றது. மலை ஒன்று நடந்து வந்ததுபோல. அன்ரியின் கையை நசுக்கிப் பிடித்தேன். மற்றக் கையால் எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே அழைப்பு வந்தது.

"உண்மையைச் சொல்லு. இப்ப இஞ்ச பக்கத்தில புரோசார்ட்டிலயோ நிக்கிறாய்?"

இன்றைக்கும் நான் தெருமுனைக் கடையான தெப்பனருக்குப் பால் வாங்கப் போனால், என் மனுசன் வாசலில் நின்று கேட்பார்: "சாட்சிக்கு ஆரும் கூட வரீனமோ?"