துரையருக்கு வாய்த்த பரம்பரை

கனடாவின் மொன்றியலில் உள்ள தமிழர்களில், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் இங்கிலாந்துக் காணிக்காரரின் பூட்டி என்ன சீதனம் கொண்டுவந்தாள் என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் துரையர்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் சென்ட் லோரன்ட்டில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் நானும் அவரும் ஒன்றாக இருந்தோம். மருந்துத் தொழிற்சாலையில் போத்தல்களுக்கு மூடி போடுவது அவருடைய வேலை. ஒருமுறை சேர்ச் மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தது. எல்லோரும் குளிர் ஜாக்கெட்டுக்கு அடிபட்டுக்கொண்டிருக்க, இவர் அட்டை கிழிந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோமஸ் என்ற கனவானின் வாழ்க்கையும் வம்சமும் அதில் இருந்தன. அன்றைக்குப் பிடித்தது சனியன். துரையர் என்ற பெயரும் அதோடு வந்ததுதான்.

"தம்பி, தோமஸ் கட்டினது ஆரை எண்டு நினைக்கிறீர்? சொந்த மச்சாளை! தாய்மாமன்ர மகள்!"

"அண்ணை, கறி அடிப்பிடிக்குது."

"பிடிக்கட்டும். ஆத்தங்கரை வயல் முழுக்கச் சீதனம். வெள்ளைக்காரன் எண்டு நினையாதையும், எங்கட ஆக்கள்தான்."

தோமஸ் பக்கத்துக் காணிக்காரனோடு வேலிக்காக ஆயுள் முழுக்க வழக்காடினார் என்று வாசித்த அன்று துரையர் கட்டிலில் இருந்து துள்ளி எழும்பினார். யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்ததும், தோமஸ் அரசன் பக்கம் நின்று தோற்று, பிரான்சுக்கு ஓடிப்போனார். திரும்பி வந்தபோது அவர் வீட்டில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை வாசித்த பிறகு துரையர் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கைக்குழந்தையாக ஒரு கன்னியர் மடத்து வாசலில் கிடந்தவர் அவர். எங்கள் சனம் ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்க முன்பே "எந்த ஊர், ஆரின்ர மகன்?" என்றுதான் கேட்கும். துரையரிடம் கேட்டால் தோமஸின் கதை தொடங்கிவிடும். கேட்டவர் பஸ் வருகிறது என்று ஓடிவிடுவார்.

ஓடாமல் நின்று கேட்டவள் மெற்றில்டா மட்டும்தான். அஹுன்ட்சிக்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தாள், எங்கள் சேர்ச்சில் பாடுவாள். துரையருக்கு அவளில் உயிர். அவளுக்கும் விருப்பம்தான். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவளுடைய அண்ணன் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரும் ரோல்ஸும் வைத்தோம்.

"உங்கட பகுதியைப் பற்றி ஒண்டும் தெரியேல்லை. முன்னோர் ஆர்?"

பயத்தில் துரையரின் வாய்க்கு வந்தது தோமஸ்தான். தோமஸ், அவர் தகப்பன் வில்லியம், அவர் தகப்பன் எட்வேட் என்று வரிசையாக இறங்கினார். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தப் பெயர்கள் இல்லாத வீடு எது? அண்ணன் தலையாட்டினார். மச்சாள் கலியாணம், சீதன வயல், வேலி வழக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சண்டையில் வீடு போன கதைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கட வீட்டிலையும் இப்ப வேற ஆக்கள்தான்," என்றார். "நல்ல பழைய குடும்பம். ஃபாதரோடை கதைச்சு நாள் வைப்பம்."

நான் மேசைக்கடியில் துரையரின் காலை மிதித்தேன், வாயைத் திறக்க வேண்டாம் என்று. மனிதர் வாசல்வரை பொறுத்தார். அண்ணனுக்கு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போது வாயைத் திறந்துவிட்டார்.

"அண்ணை, தோமஸ் இங்கிலாந்துக்காரர். எனக்கு ஆரும் இல்லை. நான் மடத்துப் பிள்ளை."

அண்ணன் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் படியேறிப் போனார். மெற்றில்டாவும் அண்ணன் சொல்லைத் தாண்டவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். இவர் பொருந்தி வந்த கலியாணத்தை ஒரே ஒரு உண்மையைச் சொல்லிக் குழப்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்?"

"தோமஸின்ர சனத்தை நான் களவெடுக்கேலாது தம்பி. மனுசன் ஒரு வேலிக்கே அவ்வளவு வழக்காடினவர்."

சில குளிர்காலங்கள் போயின. ஒருநாள் தொழிற்சாலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. வயது ஐம்பதுகூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தமிழ் வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுக்க வேண்டும். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் சகோதரனும் என்றுதான் அது போகும். துரையருக்கு நான் எதைப் போட? பேனையோடு குந்திக்கொண்டிருக்க, டெலிபோன் அடித்தது. மெற்றில்டா.

"அறிவித்தலிலை என்ர பேரையும் போடுங்கோ."

"என்ன முறை எண்டு போட, பிள்ளை?"



"மனைவி எண்டு போடுங்கோ. அண்ணை கேட்டா நான் கதைக்கிறன்."

போட்டேன். அதற்குக் கீழே, அன்புத் தம்பி என்று என் பெயரையும் எழுதினேன்.