ஒரே பேட்ச் டிஸ்க்கும் ஆற்று ஆலா முட்டையும்

கோழிப்பண்ணைக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உலகத்தில் எதைக் காட்டினாலும் அதைக் கோழியாக்கித்தான் புரிந்துகொள்வான். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியைப் பார்த்தால் காற்றோட்டம் போதாது என்பான். கல்யாணப் பந்தியைப் பார்த்தால் அவனுக்குத் தீவனத் தொட்டி நினைவுக்கு வரும். இதனால் பொதுவாக யாருக்கும் கெடுதல் வருவதில்லை. எனக்கு வந்தது. எனக்கு என்றால், என் மனைவிக்கு. (கெடுதலை நான் செய்வதும் அதை அவள் அனுபவிப்பதும் எங்கள் வீட்டில் பழைய ஏற்பாடு.)

மோகனூருக்கு வெளியே எங்கள் பண்ணை. முட்டைக் கோழி, ஐந்தாயிரம். படிப்பில் நான் சுமார், பேச்சில் சுமாருக்கும் கீழே. என் ஒரே பெருமை காது. விடிகாலையில் ஷெட்டுக்குள் போய் அசையாமல் நின்றால், ஐந்தாயிரத்தில் ஒரு கோழி தும்மினாலும் எந்த வரிசை, எந்தக் கூண்டு என்று சொல்லிவிடுவேன். டாக்டரே பாராட்டியிருக்கிறார். (கோழி டாக்டர்தான்.)

மனைவி சுமதி பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஞாயிறு காலையானால் கேமராவை மாட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குப் போய்விடுவாள். ஆறு வருடமாக ஒரே கரை, அதே பறவைகள். எடுத்ததையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, கேமராவைக் காலி செய்துவிட்டு அடுத்த ஞாயிறுக்குத் தயாராவாள். அந்தப் பென் டிரைவ்களை வைக்க அவள் கண்டுபிடித்த இடம், முப்பது குழி உள்ள எங்கள் முட்டை அட்டை. குழிக்கு ஒன்றாகப் பத்தொன்பது பென் டிரைவ். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டுச் சீட்டு: ‘மீன்கொத்தி’, ‘நாரை’, ‘தண்ணி வந்த மாசம்’. தன் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆற்றங்கரைப் பறவைகள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. தலைமையாசிரியையும் ஆண்டு விழாவில் வெளியிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த அட்டையில் அவளுக்கு உயிரான குழி ஒன்று உண்டு. ‘ஆலா கூடு’ என்று சீட்டு. ஒரு கோடையில் ஆற்று நடுவே மணல்திட்டு ஒன்று எழும்பி, அதில் ஆற்று ஆலா என்ற பறவை முட்டையிட்டிருந்தது. கூடு என்று பெயர்தான். மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதற்குள் மூன்று முட்டை. அடுத்த வருடம் அந்தத் திட்டே இல்லை, ஆலாவும் அங்கே முட்டையிட வரவில்லை. படத்தை எடுத்து வந்த அன்று அவள் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து பார்க்கச் சொன்னாள். நான் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். “முட்டைதானே சுமதி? நம்மகிட்ட இல்லாத முட்டையா?” என்றேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல நகைச்சுவையாகத் தெரிந்தது.

இப்படிப்பட்ட எனக்குத்தான் திடீரென்று அவள் படங்கள் மீது அக்கறை பிறந்தது. பென் டிரைவ் எந்த நேரமும் செத்துப்போகும் என்று யாரோ பேசிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டேன். அதற்கடுத்து ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்து, ரெய்டு கார்டு என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்குள் அந்தக் கார்டைச் சொருகி, அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்ட வேண்டும். ஒன்றில் எழுதுவதை அந்த நொடியே மற்றதிலும் கார்டு எழுதிவிடும். ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்று வேலையை நடத்தும். செத்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினால் பழையபடி இரண்டாகிவிடும்.

“அட்டை போதுமுங்க,” என்றாள் சுமதி.

“உனக்குத் தெரியாது. இது பெரிய கம்பெனிக்காரங்க வெக்கறது.”

“நாம கம்பெனி இல்லைங்களே.”

மூன்று முறை சொன்னாள். நான் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். மூன்று வழி சொன்னார். கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே அந்த வசதி இருக்கிறது, அதுவே போதும் என்பது முதல் வழி. கையடக்கமான புதுக் கார்டு ஒன்று, அது இரண்டாவது. மூன்றாவது, ஏதோ அலுவலகத்து சர்வரிலிருந்து கழற்றிய பழைய பெரிய கார்டு. மேலே அலுமினியத் தகடு, ஓரத்தில் ஒரு குட்டி பேட்டரி, ஆபத்து என்றால் கத்துவதற்கு ஒரு பஸ்ஸர். நான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தே முட்டையின் எடையைச் சொல்கிற குடும்பத்தில் பிறந்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்? பெரியதுதான் கனமாக இருந்தது. அதையே எடுத்துவைக்கச் சொன்னேன்.

“எதுக்குங்க சார் இவ்ளோ பெருசு?”

“ஆராய்ச்சிக்குங்க,” என்றேன். (கொக்குப் படத்துக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.)

அவர் ஹார்ட் டிஸ்க் பெட்டிகளை எடுத்து வைத்தார். “ரெண்டையும் ஒரே லாட்ல எடுக்காதீங்க சார். ஒண்ணு இந்தக் கம்பெனி, இன்னொண்ணு அந்தக் கம்பெனின்னு எடுத்துக்கங்க. ஒண்ணா செஞ்சது ஒண்ணாத்தான் போகும்.”

இங்கேதான் எனக்குள் இருந்த கோழிப்பண்ணைக்காரன் எழுந்து நின்றான். “அதெப்படிங்க? எங்க பண்ணையில ஒரு ஷெட்டுக்குள்ள ரெண்டு பேட்ச் உடவே மாட்டமுங்க. ஒரே நாள் பொரிச்ச குஞ்சாத்தான் எறக்குவோம். வயசு கலந்தா சீக்கு கலந்துரும்.”

“இது கோழி இல்லைங்க சார்.”

“எல்லாம் ஒண்ணுதானுங்க. ஒரே பேட்ச்சா குடுங்க.”

அவர் எடுத்து வைத்ததில் ஒரு பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு ஒரே பெட்டியிலிருந்து அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது, “கார்டு இருக்குதுன்னு பழைய காப்பியை மட்டும் அழிச்சுடாதீங்க,” என்றார். தலையை நன்றாக ஆட்டினேன்.

மாட்டியதும் கார்டு கொதித்தது. சர்வருக்குள் காற்று வாங்கியே பழகிய கார்டாம். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே ஒரு மேசை விசிறியை வைத்தேன். ஷெட்டுக்குச் செய்வதுதானே என்று எனக்குத் திருப்தி. படங்கள் எல்லாம் ஏறின. டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன.

அடுத்து அட்டையைக் காலி செய்தேன். சுமதி பள்ளிக்கூடத்தில் தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்த ஒரு நாள், சொந்தக்காரர்களுக்குப் பாட்டு கேட்க ஆகட்டும் என்று பத்தொன்பது பென் டிரைவையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று முதல் ஐந்தை அழித்தேன். பிறகு அலுப்பாகிவிட்டது. மீதிப் பதினான்கை அப்படியே கொடுத்தேன். சாயங்காலம் சுமதி வந்து அட்டையைப் பார்த்தாள். குழிகளில் சீட்டு மட்டும் கிடந்தது.

“கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமுங்க,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோபப்படவில்லையே என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு காலையில் கம்ப்யூட்டர் கீச், கீச் என்று கத்த ஆரம்பித்தது. யுபிஎஸ்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதன் பேட்டரியை மாற்றினேன். கத்தல் நிற்கவில்லை. யுபிஎஸ்ஸையே மாற்றினேன். அப்போதும் கத்தியது. இரண்டாம் நாள் சாயங்காலம், கத்துவது கார்டு என்று கண்டுபிடித்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் தேடியது சத்தத்தை நிறுத்துகிற வரியை. அது கீழே இருந்தது. நிறுத்தினேன். வீடு அமைதியானது. “பாத்தியா, நம்ம கையாலயே சரி பண்ணியாச்சு,” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, புத்தகத்துக்குப் படம் பொறுக்கலாம் என்று சுமதி உட்கார்ந்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை.

இருவருமாக எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சேலம் போனோம். கடைக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு, “மொதல் டிஸ்க் முன்னாடியே போயிருக்குதுங்க சார். அது போனதும் கார்டு கத்தியிருக்குமே?” என்றார்.

“கத்துச்சுங்க.”

“அப்பவே ஒரு டிஸ்க்கை மாத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டும் ஒரே பேட்ச். அண்ணன் போனதும் தம்பியும் போயிட்டான்.”

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சென்னையில் ஒருவரிடம் டிஸ்க்குகளை அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். அனுப்பினார். உள்தகடே கீறிவிட்டது என்று அவை பிறகு திரும்பி வந்தன.

பஸ்ஸில் சுமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ராசிபுரம் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“ஏனுங்க, அஞ்சாயிரம் கோழியில ஒண்ணு தும்முனா எந்தக் கூண்டுன்னு சொல்றீங்க. இது ரெண்டு நாளாக் கத்துச்சுதுங்களே.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பதினைந்து வருடக் குடித்தனத்தில் இப்படி இன்னும் எத்தனை சத்தத்தை நிறுத்தியிருப்பேன் என்று கணக்குப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்து வந்த ஞாயிறுகளில், கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போன ஒரே மனிதன் எங்கள் வகையறாவில் நானாகத்தான் இருப்பேன். முதலில் எருமப்பட்டியில் அக்கா வீடு. அக்காவின் வீட்டுக்காரர் டிராக்டரிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி வந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“என்ன மாப்ள, பாட்டு கேளுங்கன்னு நீங்கதான குடுத்தீங்க. இப்ப என்ன, வட்டியோட திருப்பித் தரோணுமா?”

“உள்ளார பறவைப் படம் இருக்குதுங்களா மச்சான்?”

“இல்லாம? உங்கக்கா டிவில சொருகி, தெனமும் கொக்குதான் பாக்கறா. சீரியலே பாக்கறதில்ல.”

அக்கா சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவன் சின்னதுலயே இப்படித்தான் கண்ணு. எதைச் சரி பண்றேன்னு தொட்டாலும் அது போயிரும்.” (முப்பது வருடம் காத்திருந்து சொன்ன மாதிரி இருந்தது.)

ஒவ்வொரு வீட்டிலும் காபி வந்தது. கேலியும் சேர்ந்தே வந்தது. சுமதி லேப்டாப்பை மடியில் வைத்து ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்ப்பாள். பதினான்கும் கிடைத்தன. சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்வந்த ஒன்றுகூட வேலை செய்தது. என் சோம்பேறித்தனம் விட்டுவைத்தது அத்தனையும் பத்திரமாக இருந்தது. என் சுறுசுறுப்பு கைவைத்த ஐந்தும் போய்விட்டன. அவற்றில் நான்கு கொக்கு, நாரை வகை. அவை தினமும் வருகிறவை, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது, ‘ஆலா கூடு’. அதில் என் சித்தப்பா மகன் பாட்டாக நிரப்பி வைத்திருந்தான். சுமதி கடைசிப் பாட்டு வரை இறக்கிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். அந்த வீட்டுக் காபியை மட்டும் அவள் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “அந்த முட்டை எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

நான் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வரைய உட்கார்ந்தாள். வராத கை. தாள் தாளாகக் கிழித்தாள். புள்ளிகள் நினைவிருக்கிறது, ஆனால் மூன்றும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதுதான் பிடிபடவில்லை என்றாள். நான் ஷெட்டுக்குப் போய், புதிதாக முட்டையிட ஆரம்பித்த கோழிகளின் சின்ன முட்டையாக மூன்று பொறுக்கி வந்தேன். ஒரு தட்டில் ஆற்று மணலைப் பரப்பி, பள்ளம் பறித்து, முட்டைகளை அதில் வைத்தேன். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... அது அதும்மேல சாயோணும்,” என்று அவள் சொல்லச் சொல்ல, நான் ஒரு மதியம் முழுக்க முட்டையை நகர்த்தினேன். அத்தனை நேரம் முட்டையை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புத்தகம் ஆண்டு விழாவுக்கு வந்துவிட்டது. எல்லாப் பக்கத்திலும் படங்கள். ஆற்று ஆலா பக்கத்தில் மட்டும் ஒரு பென்சில் ஓவியம். அதன் கீழே சின்ன எழுத்தில் இப்படி அச்சிட்டிருந்தாள்: ‘ஓவியம்: நூலாசிரியர். காரணம்: அவருடைய கணவர்.’

இப்போதும் நான் ஒரே மாதிரி இரண்டு சட்டை எடுத்துவிட்டால் போதும், “ஒரே பேட்ச்சுங்களா மாப்ள?” என்று மச்சான் கேட்பார். பென் டிரைவ்கள் அட்டைக்குத் திரும்பிவிட்டன. இன்னொரு அட்டை அக்கா வீட்டில் இருக்கிறது. கனமான அந்தக் கார்டு, தேர்வுத்தாள் பறக்காமலிருக்க சுமதியின் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

அதெல்லாம் பரவாயில்லை. புத்தகம் வாங்கிய பிள்ளைகள்தான் விடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காரணம் கேட்கும். “சாரைக் கேளு சாமி,” என்று சொல்லிவிட்டு சுமதி உள்ளே போய்விடுவாள். போன வாரம் ஒரு சிறுமி வந்தாள். பேட்ச், கத்தல், எருமப்பட்டி எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த மெசினு கத்துனப்ப டீச்சர் ஒண்ணும் சொல்லலைங்களா சார்?”

நான் யோசித்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

“கடைக்காரருக்கு ஒரு போனைப் போட்டுக் கேளுங்கன்னு மொத நாளே சொன்னேன் சாமி. ஒவ்வொரு தடவையும் அந்த எடத்தை மட்டும் உட்டுட்டுத்தான் சொல்லுவாரு.”

சொல்லியிருப்பாள். எனக்குத்தான் கேட்ட ஞாபகமே இல்லை.