இல்லற இன்ப மாலை: ஒரு தணிக்கை அறிக்கை

காதலைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அதற்கு முதன்முதலில் 'செக்லிஸ்ட்' போட்டது ஒரகடத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலைதான். தொழிலாளர் நல அதிகாரி என்ற முறையில் அந்தப் பெருமை என்னையே சேரும். அடக்கம் காரணமாக இதை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஜீவானந்தமும் ரஞ்சனியும் வடக்குப்பட்டுத் தம்பதி. இருவருக்கும் எங்களிடமே வேலை. ஒருவருக்குக் காலை ஷிப்ட் என்றால் மற்றவருக்கு மதிய ஷிப்ட். வாரம் மாறினால் ஆளும் மாறும். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் எதிர்ப்படுவார்கள். வீட்டுச் சாவியும், "கொயந்த நாச்சியார் அக்கா வூட்ல கீது" என்ற தகவலும் கைமாறும். அவ்வளவுதான் குடும்பம்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரே ஷிப்டுல போடுங்க சார்" என்று மனு கொடுத்தார்கள். எங்கள் தொழிலாளர் நலக் குழு மூன்று முறை கூடி, பதினெட்டு சமோசா தின்று, மனுவை ஆழ்ந்து பரிசீலித்தது. ஷிப்ட் கிடையாது, அதைவிட உயர்ந்த ஒன்றை வழங்கினோம். அதுதான் 'இல்லற இன்ப மாலை'. ஒரு வெள்ளிக்கிழமை, மதிய ஷிப்டிலிருந்த ரஞ்சனிக்குப் பாதி ஷிப்டில் விடுதலை. மீதியை ஞாயிறன்று வந்து சரிக்கட்டலாம். கூடவே இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு பிளாஸ்டிக் ரோஜா (திருப்பித் தர வேண்டும்), பதினோரு அம்சச் செக்லிஸ்ட்.

தணிக்கைக்கு நானே நேரில் போனேன்.

"இன்னா சார், நீங்களும் இருப்பீங்களா?" என்றார் ரஞ்சனி.

"தரத்தை யாரம்மா பார்ப்பது? நான் இல்லாத மாதிரியே நினைச்சுக்குங்க. டீயில சர்க்கரை கம்மி."

ஆறரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது. ஜீவானந்தம் மனைவியை உற்றுப் பார்த்தார்.

"இளைச்சிட்ட ரஞ்சனி."

"எப்ப பாத்த நீ?"

"இப்பதான்."

'வேலை தவிர்த்த உரையாடல்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். எனக்கே புல்லரித்தது.

சிக்கல் ஐந்தாவது அம்சத்தில் வந்தது: 'ஏழு மணி. குழந்தை உறக்கம்.' அவர்கள் மகள் வேல்விழி, வயது நான்கு, உறங்க மறுத்தாள். அப்பா சட்டையை ஒரு கையிலும் அம்மா துப்பட்டாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண் சொருகும், உடனே திடுக்கிட்டு இருவரையும் எண்ணிப் பார்ப்பாள்.

"தூங்கு கண்ணு" என்றார் ஜீவானந்தம்.

"மாட்டேன். நான் தூங்கினா ஒருத்தர் பூடுவீங்க."

ரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மெழுகுவர்த்திப் புகை என்று குறித்துக்கொண்டேன்.

ஏழே முக்காலுக்கு ஜீவானந்தம் மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்து, ரோஜாவோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். "இத்த எடுத்துக்கினு போங்க சார். ஒரே ஷிப்டு குடுங்க, போதும். கொயந்த நிம்மதியா தூங்கும்."

திட்டம் தோற்றுவிட்டது. ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் எந்தக் கோளாறுக்கும் மூலகாரணம் கிடைத்துவிடும் என்பது எங்கள் தொழிற்சாலையின் வேதம். மறுநாள் ஏசி அறையில் உட்கார்ந்து கேட்டேன்.

மாலை ஏன் தோற்றது? குழந்தை தூங்கவில்லை. ஏன்? தூங்கினால் ஒருவர் போய்விடுவார் என்ற பயம். ஏன் பயம்? தினமும் ஒருவர் போகிறார். ஏன் போகிறார்? எதிரெதிர் ஷிப்ட்.

ஐந்தாவது 'ஏன்' கேள்விக்கு விடை தேடிப் பழைய ஃபைலைப் புரட்டினேன். 'குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாயும் தகப்பனும் சேர்ந்தே லீவு போடுகிறார்கள், லைன் நிற்கிறது. ஆகவே இனித் தம்பதியரை ஒரே ஷிப்டில் போடக் கூடாது.' கீழே ஒரு கையெழுத்து. முத்து முத்தான, அழகான கையெழுத்து. என்னுடையது.

உடனே ஒரு சுற்றறிக்கை விட்டேன்: இனி எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஒரு 'ஏன்' மட்டுமே கேட்கப்படும்.

அறிக்கை அன்றே முடிந்தது. மூலகாரணம்: வேல்விழி, வயது நான்கு.