குத்துமதிப்புக் குழு

உலகில் குத்துச்சண்டை என்னும் வீரக்கலை இன்றளவும் உயிரோடு இருக்கிறதென்றால், அந்தப் பெருமை குத்துகிறவர்களுக்கும் சேராது, குத்து வாங்குகிறவர்களுக்கும் சேராது. ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தின் மாடித் தேநீர் அறைக்கே சேரும். வளையத்துக்குள் இரண்டு பேர் வியர்த்து விறுவிறுத்து ஏதோ செய்துகொள்கிறார்கள். அது வெறும் உடலுழைப்பு. அவர்களில் யாருடைய குத்து எத்தகையது, யாருக்கு எதிர்காலம் உண்டு, யார் மூட்டை கட்டலாம் என்று தீர்மானிக்கிற மூளையுழைப்பு முழுவதும் அந்த அறையில்தான் நடந்துவந்தது.

அங்கே கூடிய குழுவை நடத்தியவர் ஆபத்து மதிப்பீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர். அலுவலகமே அவரை ‘நிபுணர்’ என்றுதான் அழைக்கும். வாழ்நாளில் அவர் யாரையும் அடித்ததில்லை. கொசுவை அடித்தாலும் கொசு தப்பிவிடும், அவர் கன்னம்தான் சிவக்கும். சொந்த அனுபவம் குறுக்கே வராததால் அவருடைய தீர்ப்புகளில் ஒரு தூய்மை இருந்தது.

ஏதோ தோராயமாக என்ற பொருளில் ஊரார் வழங்கிக் கெடுத்துவிட்ட ‘குத்துமதிப்பு’ என்ற சொல்லுக்கு உண்மைப் பொருளை மீட்டுத் தந்தவரும் அவரே. குத்தின் மதிப்பு எதுவோ அதுதான் குத்துமதிப்பு. அதை அளக்கிற கருவி எதுவும் தேநீர் அறையில் இல்லாததால், எல்லாருடைய குத்துமதிப்பும் குத்துமதிப்பாகவே போடப்பட்டது.

கனரகப் பிரிவில் அப்போது இரண்டு பேர்தான் பேசத் தக்கவர்கள். ஒருவன் ‘இடி’. அவன் நிபுணரின் கண்டுபிடிப்பு. மற்றவன் ‘இரும்பு’. அவனுக்காக வாதாட அலுவலகக் காசாளர் பொறுப்பேற்றிருந்தார்.

“இடியோட வலது கை ஒரு தரம் இறங்கினா சுவரே விரிசல் விடும் சார்,” என்பார் நிபுணர்.

“சுவர் நகராது, அதனால விரிசல் விடும். இரும்பு நகருவான்,” என்பார் காசாளர்.

“எவ்வளவு தூரம் நகருவான்? வளையத்துல மூலைன்னு ஒண்ணு வராதா?”

“வளையத்துக்கு ஏது சார் மூலை?”

இந்தக் கேள்வி ஒரு வாரம் ஓடியது. குழுவின் வரலாற்றில் அது ஒரு செழிப்பான வாரம்.

தேநீருக்கு முன்னால் நிபுணர் கொஞ்சம் அலுவலக வேலையும் பார்ப்பதுண்டு. காப்பீடு கேட்டு வரும் விண்ணப்பத்தில் தொழில் ‘குத்துச்சண்டை’ என்றிருந்தால், மறுபேச்சில்லாமல் ‘ஆபத்து மிகுதி, ஏற்பதற்கில்லை’ என்று முத்திரை குத்துவார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மாடியேறி, அதே ஆட்களுக்கு இன்னும் பதினைந்து வருடம் பொற்காலம் என்று அறிவிப்பார். இதில் முரண்பாடு தேடுகிறவர்கள் அற்பர்கள். முதல் காரியம் சம்பளத்துக்குச் செய்வது. இரண்டாவது உள்ளன்போடு செய்வது.

இப்படியாகக் கலை வளர்ந்துவந்த நாளில், பல் மருத்துவரான அவருடைய ஒரே மகள் சாப்பாட்டு மேஜையில் வாய் திறந்தாள்.

“அப்பா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.”

நிபுணர் உலகம் தெரிந்தவர். தட்டிலிருந்து கையை எடுக்காமலே, “நல்லது. பையன் எதுல இருக்கான்?” என்றார்.

“கனரகப் பிரிவு.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “லாரியா? சொந்த லாரின்னா நல்லதுதான்.”

“லாரி இல்லம்மா, குத்துச்சண்டை. அப்பாவுக்கு அவர நல்லாத் தெரியும். இடி.”

நிபுணருக்குப் புரையேறியது. மனைவி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

“அவன் எங்க உன்னப் பாத்தான்?”

“பல்லு உடைஞ்சு வந்தார்.”

“யார் குத்துனது? எனக்குத் தெரியாம எப்ப நடந்தது?” முதலில் துடித்தெழுந்தது அப்பா அல்ல, ரசிகர்.

“யாரும் குத்தலப்பா, ஐஸ்கட்டியக் கடிச்சுட்டார். ஊசியப் பாத்ததும் பயந்து என் கையப் பிடிச்சார். அப்புறம் விடவே இல்ல.”

“இதெல்லாம் சரிப்பட்டு வராது. அவனுக்கு எதிர்காலமே கிடையாது.”

“போன வாரம் இதே மேஜையில, ‘பதினஞ்சு வருஷத்துக்கு அவன எவனும் அசைக்க முடியாது’ன்னீங்களே?”

“அது... ஆட்டத்துல.”

“ஆட்டம்தானேப்பா அவர் வேலை?”

மறுநாள் நிபுணர் வெறுங்கையோடு அலுவலகம் வந்தார். இடிக்கு எதிராக அவரிடம் ஒரு வாதம்கூட இருப்பில் இல்லை. வைத்திருந்தவர் காசாளர் ஒருவர்தான். ஆகவே தன்மானத்தை விழுங்கிவிட்டு, “இடியப் பத்தி நீங்க சொல்ற குறையெல்லாம் இன்னொரு தரம் சொல்லுங்க சார். கொஞ்சம் மெதுவா,” என்றார்.

காசாளர் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் மடை திறந்த வெள்ளமாய்க் கொட்டினார். அடுத்த கட்சியின் வாதங்களை இவ்வளவு பக்தியோடு மனப்பாடம் செய்த தலைவர் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இடி வந்தான். கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்து, நாற்காலியிடம் அனுமதி கேட்பவன்போல மெல்ல உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. தேநீர்க் கோப்பை அவன் கைக்குள் போனதும் காணாமல் போனது.

நிபுணர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “தம்பி, உங்களுக்குக் கால் நகராது.”

“ஆமா சார்.”

“இடது கை ஒப்புக்குச் சப்பாணி.”

“எங்க கோச்சும் அதத்தான் சார் சொல்றார்.”

“மூச்சு வாங்கும்.”

“உங்க வீட்டுப் படி ஏறினதுக்கே வாங்குச்சு சார்.”

எதிர்த்துப் பேசாத எதிரியை எப்படி வீழ்த்துவது என்பது குழுவில் இதுவரை விவாதிக்கப்பட்டதில்லை. நிபுணர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பொண்ணு கதி என்ன? ஒரு ஆயுள் காப்பீடாவது எடுத்திருக்கீங்களா?”

இடி தரையைப் பார்த்தான். “கேட்டேன் சார். முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எவன் அவன்? ஒரு இளைஞனோட வாழ்க்கை ஆச்சேன்னு கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?”

“உங்க ஆபீஸ்தான் சார். கையெழுத்து உங்களது. முத்துமுத்தா இருந்துச்சு.”

சமையலறையில் மனைவி சிரித்தது வெளியே கேட்டது. மகள் சிரிக்கவில்லை.

“காலைல அவர் ஆயுள் கெட்டியில்லன்னு முத்திரை குத்துறீங்க. டீ குடிக்கிறப்ப அவருக்குப் பொற்காலம்னு கை தட்டுறீங்க. அவர் எங்கயோ அடிவாங்குற வரைக்கும் எதிர்காலம் இருந்துச்சு, நம்ம வீட்டு நாற்காலில உக்காந்ததும் போயிடுச்சாப்பா?”

நிபுணர் இடியின் முகத்தைப் பார்த்தார். இடியின் புருவத்துக்கு மேலே ஒரு தையல் தழும்பு இருந்தது. அது எந்தப் பந்தயத்தில் விழுந்தது, எந்தச் சுற்றில் விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தச் சுற்றைப் பற்றி மட்டும் தேநீர் அறையில் ஒரு மாதம் பேசியிருக்கிறார். வலித்திருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வலிச்சுதா?” என்றார் தழும்பைக் காட்டி.

“குத்துமதிப்பா ஒரு மாசம் சார்.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “நாற்காலி உடையறதுக்குள்ள சரின்னு சொல்லித் தொலைங்க!”

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சார் எல்லாம் வேண்டாம் தம்பி. மாமான்னே கூப்பிடுங்க,” என்றார். இடி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கையின் மதிப்பை நேரடியாக அறிந்த ஒரே குழு உறுப்பினர் என்ற பெருமை நிபுணருக்குக் கிடைத்தது. இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் இடிக்கும் இரும்புக்கும் பந்தயம். தேநீர் அறைத் தொலைக்காட்சியின் முன்னால் குழு முழு எண்ணிக்கையில் கூடியது. நிபுணர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் விரல்களின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தார். இடியின் வலது கை இறங்கியபோதுகூட அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் இரும்பு சரேலென்று நகர்ந்து இடியின் முகத்தில் ஒன்று வைத்தான். காசாளர் துள்ளிக் குதித்தார்.

“அப்படிப் போடு! விடாத, தாடையப் பேத்துடு!”

நிபுணர் பாய்ந்துபோய்த் தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நின்றார். “யோவ், என்னய்யா பேச்சு இது? தாடைய்யா அது! என் பொண்ணு பாத்துப் பாத்துக் கட்டின பல்லுய்யா உள்ள இருக்கு!”

காசாளருக்கு மனம் நொந்துவிட்டது. “நீங்க கத்தாததையா சார் நான் கத்திட்டேன்? ஒவ்வொரு பந்தயத்துக்கும் மேஜை மேல ஏறி நின்னு, எதிராளி தாடையப் பேக்கச் சொன்னது யாரு?”

அத்தனை வருட ஆராய்ச்சியின் முடிவை நிபுணர் அப்போதுதான் முதன்முதலாக வெளியிட்டார்:

“அதெல்லாம் யாரோ பெத்த தாடைய்யா!”