கேப்டன் வைத்த பேக்கரி

திங்கட்கிழமை பதினொன்று ஐந்துக்கு ஸ்டோர் கீப்பர் ஒரு கருத்துச் சொன்னார்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு அது பத்தொன்பதாம் ஆண்டு. அதுவரை அவர் கருத்து என்று எதுவும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது என்று எழுதும் பலகையின் மூலையில், வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் ஒரு படத்தின் பெயரை எழுதுவார். சனி ஞாயிறில் அவரவர் வீட்டில் அதைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணி டீயின்போது ஆளுக்கொரு கருத்து. 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது.

ஸ்டோர் கீப்பரின் முறை வருவதற்குள் டீ தீர்ந்திருக்கும். "சார் சொன்னதுதான்" என்பார். எந்த சார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

காரணம் எளிது. எந்தப் படமானாலும் இருபதாவது நிமிடத்தில் அவர் தூங்கிவிடுவார். விழிக்கும்போது டிவி அணைந்திருக்கும். மனைவி அணைத்திருப்பாள். அந்த ஞாயிறு பிற்பகல் மனைவியும் மகளும் மைத்துனி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அணைக்க ஆளில்லை. அவர் விழித்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தின் முடிவைப் பார்த்தார்.

"ஸ்டோர், நீங்க?" என்றார் மேலாளர், பழக்கத்தில்.

"கடல்ல ஆரம்பிச்சு மாவுல முடிச்சிருக்காங்க சார்."

"எதுல?"

"மாவுல. மூடுபனியில கப்பலைத் தொலைச்ச கேப்டன், கடைசியில கடலே வேணாம்னு பேக்கரி வைக்கிறார் பாருங்க. அங்கதான் படமே இருக்கு. கடலும் நுரைக்குது, மாவும் நுரைக்குது." டம்ளரின் அடியில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார். "ரெண்டாம் பாதியில கேப்டனுக்கு வேற ஆளைப் போட்டது பெரிய துணிச்சல். துக்கம் வந்தா மனுஷன் முகமே மாறிடும்னு காட்டறாங்க. எல்லாருக்கும் புரியாது."



மூத்த மெக்கானிக்குக்குத்தான் முதலில் வாய் வந்தது. அவருக்கு அலுவலகத்தில் 'ஏழாம் மாடி' என்று பெயர். தானே சரிசெய்த லிஃப்டில் ஏழாம் மாடிக்கு ஒரு முழம் கீழே நான்கு மணி நேரம் சிக்கியிருந்தவர்.

"பேக்கரியா? அந்தப் படத்துல ஏது சார்..."

மேலாளர் டம்ளரை மேசையில் வைத்தார். சற்று ஓங்கியே வைத்தார்.

"எனக்கும் அந்தப் பேக்கரிதான் ரொம்பப் பிடிச்சது," என்றார். பிறகு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

லிஃப்டில் சிக்கியவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று நாள் முழுதும் தொலைபேசியில் சொல்லும் பெண், "எனக்கும் சார்" என்றாள். யோசித்துவிட்டு, "அந்த அடுப்பு" என்றாள்.

"அடுப்பு பிரமாதம்," என்றார் ஏழாம் மாடி.

அன்று மாலைக்குள் ஸ்டோர் ஜன்னலுக்கு நான்கு பேர் வந்துபோனார்கள். உதிரிபாகம் வாங்க அல்ல. திரைச்சீலைக்கு நீலமா பழுப்பா என்று தொலைபேசிப் பெண் கேட்டாள். "நீலம்," என்றார். "ஆனா கண்ணுக்கு மெல்லத்தான் பிடிபடும்." டீ கொடுக்கும் அக்கா சர்க்கரை எப்படி என்று கேட்டார். "முதல் வாயில தெரியல. போகப் போகத் தெரியுது," என்றார். அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினாள். பார்த்தாள்.

"அப்பா, அது ரெண்டு படம்."

"ரெண்டு பாதி."

"ரெண்டு படம்ப்பா. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடும். நீ கப்பல் படத்துல தூங்கி பேக்கரி படத்துல முழிச்சிருக்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப கேப்டன்?"

"கேப்டன் கேப்டனாவேதான் இருப்பார். நான் முடிவைச் சொல்லட்டா?"

"வேணாம்." அவர் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "மேலாளரும் பேக்கரியைப் பாத்தேன்னாரே?"

"அவரும் தூங்கியிருப்பார்."

அது அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. மேலாளர் தூங்கியிருக்கிறார். மற்றவர்கள் மேலாளருக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள்.

"காலையில போய் உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

"சொன்னா அந்த மனுஷன் மானம் கப்பலேறிடும்."

"அவரோடதா, உங்களோடதா?"



செவ்வாய் காலை சொல்லிவிடுவது என்றுதான் மேலாளர் அறைக்குள் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேலாளர், "உட்காருங்க ஸ்டோர். உங்ககிட்ட ஒரு கருத்துக் கேக்கணும். ஸ்டோர்ல ஏதாவது மாத்தணும்னா எதை மாத்துவீங்க?" என்றார்.

லிஃப்ட் கதவுகளுக்கான உருளைகளை வைக்கும் இரும்பு அலமாரி பத்தொன்பது வருடமாக ஸ்டோர் கதவில் இடித்துக்கொண்டு நின்றது. உள்ளே போக அவர் தினமும் ஒருக்களித்துத்தான் நுழைவார். அதைச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு நான்கு பேர் வந்து அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். மதியம் ஸ்டோருக்குள் நேராக நடந்து போனார். வெளியே வந்து, இன்னொரு தடவை நேராக நடந்து போனார்.

உண்மையைச் சொன்னால் அலமாரி திரும்பக் கதவுக்கு வந்துவிடும் என்று நினைத்தார். சொல்லவில்லை.

புதன்கிழமை ஏழாம் மாடி ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றார்.

"சார், மறுபடி பாத்தேன். பேக்கரி வரவே இல்ல."

"முழுசா ஓடவிட்டீங்களா?"

"எழுத்துப் போட்டதும் அணைச்சிட்டேன்."

"அதான். பொறுமை வேணும்."

வியாழக்கிழமை அவர் திரும்ப வந்தார்.

"வந்துச்சு சார் பேக்கரி. ஆனா நடுவுல அந்த எழுத்து?"

"இடைவேளை."

"நடிச்சவங்க பேரெல்லாம் வருதே."

ஸ்டோர் கீப்பர் கையிலிருந்த லிஃப்ட் பொத்தானைத் துடைத்தார். மூன்றாம் எண் பொத்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

"முதல் பாதியில செத்தவங்க பேரு. மரியாதைக்குப் போடறாங்க."

"ஒளிப்பதிவு பண்ணவர் பேரும் இருக்கு சார்."

"பாவம்."

ஏழாம் மாடி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். துக்கம் என்று ஸ்டோர் கீப்பர் எடுத்துக்கொண்டார்.

ஆனால் கேள்வி மற்றவர்களுக்கும் பரவிவிட்டது. டீ நேரத்தில் தொலைபேசிப் பெண் கேட்டாள்: "முதல் பாதியில பொம்பளைங்களும் செத்தாங்களா சார்? தலைமுடி அலங்காரம்னு ரெண்டு பேர் இருக்கே." இளைய மெக்கானிக் ஒருவன் கேட்டான்: "இடைவேளைக்கு அப்புறம் புதுசா ஒரு தலைப்புப் போடறாங்களே சார்?" "கேப்டன் பேரை மாத்திக்கிட்டாருல்ல," என்றார் ஸ்டோர் கீப்பர். "படமும் மாத்திக்குது." சொன்ன பிறகு அது உண்மை போலவே அவருக்குப் பட்டது. மேலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அழப்போகிறாரோ என்று ஸ்டோர் கீப்பர் பயந்தார்.

உண்மை தெரிந்தால் இந்த மனிதர் என்ன ஆவார்?

"எங்க வீட்ல வந்து பாருங்க," என்றார் ஸ்டோர் கீப்பர். யார் சொன்னது என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை. "எங்க வீட்டு டிவியில தெளிவா வரும்."

"சனிக்கிழமை," என்றார் மேலாளர். "எல்லாரும் வர்றோம். அக்கா, நீங்களும் வாங்க."

"ஒன்பது பேர் எங்க உக்காருவாங்க?" என்றாள் மனைவி, அன்று இரவு.

"உக்கார வேணாம். படுக்கணும்."

அதுதான் திட்டம். விழித்திருந்து பார்ப்பவனுக்கு அது இரண்டு படம். தூங்கி எழுபவனுக்கு மட்டுமே ஒரே படம். எல்லோரும் தூங்கியாக வேண்டும்.

"எவ்வளவு நேரம்ப்பா?" என்றாள் மகள்.

"என்னளவு."

"உன்னளவு யாராலயும் முடியாது."

சனிக்கிழமை காலை வீட்டிலிருந்த தலையணை, மெத்தை எல்லாவற்றையும் கூடத்தில் போட்டார். பக்கத்து வீட்டில் நான்கு தலையணை இரவல் வாங்கினார். ஜன்னலுக்குப் போர்வை கட்டினார். மின்விசிறியைச் சத்தமே வராதபடி வைத்தார். மனைவியிடம் எல்லோருக்கும் மூன்று தரம் பரிமாறச் சொன்னார்.

வந்தவர்கள் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். ஏழாம் மாடி இலகுவாக நான்காம் தரமும் கேட்டார். மேலாளர் சுவரோரம் மெத்தையில் சாய்ந்தார். தொலைபேசிப் பெண் தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். டீ அக்கா, பழக்கம் விடாமல், வந்த உடனே அடுக்களைக்குப் போய் டீ போட்டு ஒரு பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"டீ வேணாமே அக்கா. தூக்கம் கலைஞ்சிடும்."

"யாருக்கு சார்?"

"யாருக்கும்."

படம் தொடங்கியது. ஸ்டோர் கீப்பர் ரிமோட்டோடு ஓரத்து நாற்காலியில், எல்லா முகமும் தெரியும்படி உட்கார்ந்தார். கடல். மூடுபனி. கேப்டன் மணி அடித்தார். மேலாளர் இமை மெல்லச் சரிந்ததை ஸ்டோர் கீப்பர் பார்த்தார். ஒன்று. இளைய மெக்கானிக் கொட்டாவி விட்டான். இரண்டு. கேப்டன் மறுபடி மணி அடித்தார். ஏழாம் மாடியின் தலை ஒரு பக்கம் தொங்கியது. மூன்று. நான்காவதாக யார் என்று பார்க்கத் திரும்பினார்.

விழித்தபோது திரையில் ஒருவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

பதறிச் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் வாயைத் திறந்தபடி. தொலைபேசிப் பெண் தலையணையில் முகம் புதைத்து. ஏழாம் மாடி, ஒருவர் எண்ணிக்கொடுத்ததுபோல் ஒரே அளவில் குறட்டை விட்டுக்கொண்டு. அடுக்களை வாசலில் மனைவியும் மகளும்கூடச் சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தார்கள். நடுவிலிருந்த டீப் பாத்திரம் காலியாகிக் கிடந்தது. ஒன்பது டம்ளரும் காலி. அவர் அதைப் பார்த்தார். நினைப்பு அதில் நிற்கவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது.

தொண்டையைச் செருமினார்.

மேலாளர் கண்ணைத் திறந்தார். "அட," என்றார். "பேக்கரி வந்துடுச்சே."

உடனே எல்லோரும் விழித்தார்கள்.

"கேப்டன் எப்படி மாறிட்டார் பாருங்க," என்றார் ஏழாம் மாடி.

"துக்கம்," என்றான் இளைய மெக்கானிக்.

தொலைபேசிப் பெண்ணின் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஏம்மா என்று கேட்டார். "தலையணைப் பஞ்சு சார்," என்றாள்.

கடைசிவரை பார்த்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். மேலாளர் எழுந்து வந்து ஸ்டோர் கீப்பரின் கையைப் பிடித்தார். "கடல்லேருந்து மாவு. நீங்க சொன்னதுதான் ஸ்டோர்," என்றார். ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். படியிறங்கும்போது யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள்.

ஸ்டோர் கீப்பர் வாசலில் நின்றார். மேலாளர் மானம் தப்பியது. அலமாரி ஜன்னல் பக்கமே இருக்கும். திங்கட்கிழமை மற்றவர்களைவிட முன்னதாகவே தன் முறை வரும் என்று தோன்றியது.

டீ அக்கா மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். கிடைத்தது. மாட்டினார். இரண்டு படி இறங்கினார். திரும்ப ஏறி வந்தார்.

"பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் வாயைத் தொறந்திருக்கார், யாரும் மூடிடாதீங்கன்னு திங்கக்கிழமையே மேலாளர் சொல்லிட்டார் சார், அதனால நான் எதையும் சொல்லக் கூடாது, ஆனா நீங்க தூங்கினப்புறம் நாங்க எல்லாரும் முழிச்சு உக்காந்து முழுசாப் பாத்தோமே, அந்தக் கேப்டன் கடைசியில எங்க போய்ச் சேர்றார்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"