கேற் உள்ள மனிதர்

ஒருவருடைய நடத்தையை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அரசாங்கமும் இன்னும் அறிவிக்கவில்லை. ஆனால் எங்கள் வாவிக்கரை ஊரின் கிராம உத்தியோகத்தர் நல்லரத்தினம் அதற்கொரு வழி வைத்திருந்தார். வீட்டு வாசலில் நின்று வாயிற்கதவான கேற்றைப் பார்ப்பார். உருளும் கேற் என்றால் உத்தமர். தகரக் கேற் என்றால் பரவாயில்லை.

வாவியில் வலை வீசும் ரதீஸுக்குக் கல்குடாவில் ஒரு ஹோட்டலில் காவலாளி வேலை கிடைக்க இருந்தது. மாதச் சம்பளம் என்று கேட்டதும் மனைவி மேனுகா அழுதே விட்டாள். நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

நல்லரத்தினம் வந்து பார்த்தார். வேலியில் ஒரு இடைவெளி மட்டும் இருந்தது.

“கேற் எங்க தம்பி?”

“இல்ல சேர். களவெடுக்க உள்ளுக்க ஒண்டும் இல்லியே.”

“உன்ட வளவையே பூட்டாத நீ, ஹோட்டலை எப்பிடிப் பூட்டுவாய்?”

ரதீஸ் வெல்டிங் கடைக்குப் போனான். தன் வலையை ஈடாக வைத்து, யாரோ செய்வித்து எடுக்காமல் விட்ட கேற் ஒன்றை இரவல் வாங்கினான். நடுவில் இரும்பு மயில். இரண்டு தென்னங்குற்றிகளுக்கு இடையில் கட்டிப் பூட்டும் போட்டான்.

திரும்பி வந்த உத்தியோகத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

“ரதீஸ் ஐயா இரிக்கிறாரா?”

பக்கத்து வேலி ஓட்டையால் ஆடொன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆட்டுக்கு நிருவாக விதிகள் தெரியாது. நாளைக்கு அலுவலகத்துக்கு எழுந்தருளிச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும்படி நல்லரத்தினம் பணிவோடு வேண்டிக்கொண்டு போனார்.

விடிந்தபோது கேற்றைக் காணவில்லை. ரதீஸ் அலுவலகத்துக்கு ஓடினான். நல்லரத்தினம் உண்மையாகவே வருந்தினார்.

“நேற்று உனக்கிட்ட நல்ல நடத்தை இரிந்திச்சி. நான் கண்ணால கண்டன். இண்டைக்கு இல்ல. இல்லாததுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?”

வேலையும் இல்லை, வலையும் இல்லை என்று ரதீஸ் வீட்டுக்கு வந்தான்.

அடுத்த கிழமை மயில் பேரின்பம் என்பவரின் வாசலில் நின்றது. அதே மயில், அதே வளைந்த கொண்டை. ஊரே பார்த்தது. ஆனால் கேற் உள்ள ஒரு மனிதரைக் கள்ளன் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவருக்கு ‘மிகச் சிறந்த நடத்தை’ என்று சான்றிதழ் கிடைத்தது. கல்குடா வேலையும் அவருக்கே கிடைத்தது.

கொஞ்ச நாளில் ஹோட்டலின் பெரிய கேற் காணாமல் போனது. காவலாளியைச் சந்தேகிக்க வழியே இல்லை. இப்போது அவர் வீட்டில் இரண்டு கேற்.

பொலிஸ் நேரே ரதீஸ் வீட்டுக்குள் போனது. கேற் இல்லாதபடியால் போவது சுலபமாக இருந்தது. நாங்கள் அவரவர் கேற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றேன் நான்.