ரெண்டு ரப்பரும் என் ராஜதந்திரமும்

கார் சாவியை எக்காரணம் கொண்டும் மனைவியிடம் கொடுப்பதில்லை என்று வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவெடுத்தேன். ஆறு ஐந்துக்கு அவள் கேட்டுவிட்டாள்.

"திங்கக்கிழமையிலேருந்து கார் எனக்கு. புது ஃபேக்டரி ஊருக்கு வெளியில. கம்பெனி வேன் காலைல ஆறு மணிக்கே வந்துடுது. கார்ல போனா எட்டு மணிக்குக் கிளம்பலாம். போற வழியில உங்களை ஆபீஸ்ல இறக்கிவிட்டுடறேன்."

என்னை இறக்கிவிடுவாளாம்! ஆறு வருஷமாக அந்தக் காரை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு படியேறியவன் நான். இனிமேல் பக்கத்து சீட்டிலிருந்து சாப்பாட்டுப் பையோடு இறங்க வேண்டுமாம். அவள் லைசென்ஸ் வாங்கியது முதல் தடவையிலேயே. நான் வாங்கியது எத்தனையாவது தடவை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம்.

அவளுக்கு வேலை, தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பது. மயிரிழை கோணலைக்கூட விடமாட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என்னை எப்படித் தேறவிட்டாள் என்பது எனக்கே புரியவில்லை.

'முடியாது' என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் எனக்குக் கிடையாது. அதனால் காரணம் தேடினேன். மறுநாள் காலை காருக்குள் தலையை நுழைத்ததும் கிடைத்தது.

"இங்க வந்து பாரு. கிளட்ச், பிரேக், ரெண்டு பெடல் ரப்பரும் தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிடுச்சு. ஓரத்துல இரும்பு தெரியுது. ஈரச் செருப்போட மிதிச்சா வழுக்கிடும். உயிருக்கே ஆபத்து."

"நேத்து வரைக்கும் இதுலதானே ஓட்டினீங்க?"

"என் காலுக்கு அது பழக்கம். அனுபவம்!"

"அனுபவமும் சேர்ந்து தேஞ்சிருக்கும். மாத்துங்க."

"நானே மாத்தறேன். ஆனா, புது ரப்பர் போடற வரைக்கும் வண்டியை யாரும் தொடக் கூடாது. நான் உள்பட!"

என் தியாகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தலை ஸ்டியரிங்குக்கு அடியில், கால் தெருவில். ஸ்க்ரூடிரைவரை ரப்பரின் மடிப்புக்குள் விட்டு நெம்பினேன். கிளட்ச் ரப்பர் சமர்த்தாக வந்தது. பிரேக் ரப்பர் ரோஷக்காரன். பிடித்து இழுத்த இழுப்பில் அது கையோடு வர, என் மண்டை ஹாரனில் மோதி, தெருவே திரும்பிப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகல!" என்று கத்தினேன்.

"யாரு கேட்டா?" என்றாள் சமையலறை ஜன்னலிலிருந்து.

தெருக்கோடியில் இருக்கும் உதிரிபாகக் கடைக்கு ரப்பர்களைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் ஒரே பார்வை பார்த்தார். புது ஜோடியை எடுத்துப் போட்டார். அச்சு அசலாக அதே அளவு. வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில்தான் என் மூளை வேலை செய்தது. பழையதை டிக்கியில் போட்டேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"சைஸ் கிடைக்கல. சொல்லி வெச்சிருக்கேன். பதினஞ்சு நாள் ஆகுமாம்."

"ஐயோ! அதுவரைக்கும் நீங்க ஆபீசுக்கு?"

"பஸ்ல போறேன். உனக்கு வேன் இருக்கு. குடும்பம்னா கஷ்டத்தைப் பங்கு போட்டுக்கணும்."

"பாவம் நீங்க" என்றாள்.

பதினைந்து நாளில் அவளுக்கு வேன் பழகிவிடும். அப்புறம் ரப்பரை மாட்டினால் கார் என்னுடையது. எப்படி என் கணக்கு?

புது ரப்பரை எங்கே ஒளிப்பது? அலமாரி, பரண், கட்டிலுக்கு அடி எல்லாமே அவள் ராஜ்யம். எனக்கென்று மிச்சமிருந்தது என் ஆபீஸ் பை ஒன்றுதான். அதன் அடியில் தள்ளினேன். திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவை வைக்கும்போது அவள் பார்த்துவிட்டால்? அதற்கும் வழி செய்தேன்.

"நாளைக்கு டப்பாவை நானே பையில வெச்சுக்கறேன். நீ சிரமப்படாதே" என்றேன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது.

அவள் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. "சரிங்க" என்றாள். நான் போய், போரில் ஜெயித்தவனைப் போல மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

திங்கட்கிழமை எழுந்தபோது அவள் போயிருந்தாள். பைக்குள் கைவிட்டுத் தடவினேன். ரப்பர் பத்திரம். டப்பாவை அதன்மேல் வைத்துக்கொண்டு, கார் நிற்கும் பக்கம் திரும்பியும் பார்க்காமல், சீட்டியடித்தபடி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

எட்டு பத்துக்கு என் கார் வந்தது. ஒரு துளி குலுங்கலும் இல்லாமல் என் எதிரில் நின்றது. நான் அப்படி ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

"ஏறுங்க."

"ரப்பர் இல்லாம ஓட்டறியா?"

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். இரண்டு பெடலிலும் புத்தம் புதுக் கோடுகள். பதறிப்போய் என் பையைத் திறந்தேன். டப்பாவுக்கு அடியில் இளித்தன, தேய்ந்த பழைய ரப்பர்கள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம். டப்பாவை நீங்களா பையில வெச்ச நாள் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தேன். ஒரு நாளும் அகப்படவில்லை.

"அதை மாட்டறது லேசுல ஆகாதே?"

"வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டேன், இளகிடுச்சு. தினம் குக்கருக்கு காஸ்கெட் மாட்டறவளுக்கு இது ஒரு வேலையா? நீங்க ஒரு குறட்டை முடிச்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுது. காலைல ஆறு மணிலேருந்து ஓட்டியும் பார்த்துட்டேன். பிடிப்பு பிரமாதம்."

கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. பையை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினேன்.

ஆபீஸ் படிக்கட்டில் மொத்த டிபார்ட்மென்டும் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து சீட்டிலிருந்து பையோடு இறங்கினேன். கண்ணாடியை இறக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

"சாயங்காலம் அஞ்சரைக்கு இங்கயே நில்லுங்க. ரெண்டு நிமிஷம் லேட்டானாலும் பஸ்ல வந்துடுங்க!"